ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை, போர்ட்டை மாற்றிப் பாருங்கள்

(குரோம்பேட்டையில் குடியிருப்போர் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு சின்ன விஷயம். வீட்டில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் ஒரு லேப்டாப் இருக்கிறது. இரண்டையும் வேகமான யூ.எஸ்.பி. போர்ட்டில் மாட்டுகிறீர்கள். முதல் பக்கம் வருகிறது, இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது. அல்லது ஸ்கேனரே கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன் இப்படி, என்ன செய்யலாம்? இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

இதைப் போய் மக்கள் சேவை இதழில் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்குங்க.

குரோம்பேட்டையில் இருபது வருடமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டின் பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய வீட்டு வரி ரசீதில் பல்லாவரம் நகராட்சி என்று இருக்கும். பிள்ளைகளின் பழைய சான்றிதழ்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி வந்தது. பல்லாவரம் நகராட்சி அதில் சேர்ந்தது. வீடு அதே வீடு, தெரு அதே தெரு. காகிதத்தில் மட்டும் ஊர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு விண்ணப்பம் போடும்போது, "அந்த முகவரியும் இந்த முகவரியும் ஒன்றுதான்" என்று காட்ட இந்தப் பழைய காகிதங்கள்தான் கை கொடுக்கும்.

அவை மடிப்பு விழுந்தவை, மஞ்சளானவை, சில லேமினேட் செய்தவை. செல்போனில் படம் எடுத்தால் லேமினேஷன் மேல் ட்யூப்லைட் வெளிச்சம் பளிச்சென்று விழுகிறது. முத்திரை இருக்கும் இடம் தெரிவதில்லை. அப்போதுதான் கண்ணாடி வைத்த ஸ்கேனரின் அருமை புரிகிறது.

ஒரு இரவு நடந்தது

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள். விண்ணப்பத்துக்கு வேண்டிய காகிதங்களை மறுநாள் காலைக்குள் ஏற்றிவிட வேண்டும் என்ற நெருக்கடி. கடைகள் மூடும் நேரம். அக்கா ஒரு பையோடு வந்தார்.

"தம்பி, உங்கிட்ட ஸ்கேன் மெஷின் இருக்குல்ல? கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா. காலையில ஏத்தலைன்னா பிள்ளைக்கு ஃபீஸ் சலுகை போயிடும்கிறாங்க."

ஸ்கேனர் என்னிடம் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. என் கணினி அன்றைக்கு ரிப்பேரில் இருந்தது. ஆனால் அக்கா வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. மூத்த பையன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போய்விட்டான். லேப்டாப் துணி அலமாரிக்கு மேலே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதில் விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது. கூடவே இருந்த பாஸ் லினக்ஸ் நன்றாகவே ஓடியது.

ஸ்கேனரை மாட்டினேன். லேப்டாப்பின் ஒரு பக்கம் கறுப்பு போர்ட், மறுபக்கம் நீல போர்ட். நீலம்தானே வேகம் என்று அதில் சொருகினேன். முதல் பக்கம் அழகாக வந்தது. இரண்டாவது பக்கத்துக்கு பட்டனை அழுத்தினால், கருவியோடு தொடர்பு கொள்வதில் பிழை என்று வந்து நின்றுவிட்டது. கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி ஒரு பக்கம் வரும். மறுபடி நிற்கும்.

"நெட் ஸ்லோவா இருக்கோ?" என்று அக்கா கேட்டார். எனக்கும் கொஞ்சம் குழப்பம்தான். மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். வேறு கேபிள் தேடினேன். சந்தையில் ஏமாந்துவிட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் சலித்துப்போய், கறுப்பு போர்ட்டில் மாட்டினேன். எட்டுப் பக்கமும் நிற்காமல் வந்தன.

ஸ்கேனர், லேப்டாப், லினக்ஸ் மூன்றிலும் பழுது எதுவும் இல்லை. அவை ஒன்றோடொன்று பேசும் இடத்தில்தான் ஒரு சின்னக் குளறுபடி. அது என்ன என்பதை அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

வேகத்தின் பெயர்கள்

முதலில் வேகம். யூ.எஸ்.பி. 1.1-இன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். இதன் பெயர் "ஃபுல் ஸ்பீட்". 2000-ஆம் ஆண்டு வந்த யூ.எஸ்.பி. 2.0-இன் வேகம் 480 மெகாபிட். இதற்குத்தான் "ஹை ஸ்பீட்" என்று பெயர். 2008-இல் அறிவிக்கப்பட்ட யூ.எஸ்.பி. 3.0-இன் வேகம் 5,000 மெகாபிட். இது "சூப்பர் ஸ்பீட்". இதற்கு நீல நிற போர்ட் வைப்பது வழக்கம், கட்டாயம் கிடையாது. சில லேப்டாப்களில் கறுப்பாகவே இருக்கும், பக்கத்தில் எஸ்.எஸ். என்று ஆங்கிலத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள்.

ஸ்கேனருக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். ஏ4 தாளை 300 டி.பி.ஐ.-இல் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், குறுக்கே 2,480 புள்ளி, நெடுக்கே 3,508 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். 12 மெகாபிட் வேகத்தில் இதை அனுப்பக் கணக்குப்படி 17 நொடிக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். 480-இல் ஒரு நொடி அளவில் முடிந்துவிடும். ஆனால் ஸ்கேனருக்குள் விளக்கு நகர்ந்து தாளைப் படிப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது. அப்படியென்றால் வீட்டு ஸ்கேனருக்கு 480 தாராளம். 5,000-இல் மாட்டினாலும் விளக்கு வேகமாக ஓடப்போவதில்லை.

அது மட்டுமில்லை. யூ.எஸ்.பி. 2.0 ஸ்கேனரை நீல போர்ட்டில் மாட்டினாலும் அது 480-இல்தான் பேசும். நீல போர்ட்டால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. சில சமயம் நஷ்டம் உண்டு.

ஏன் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறது?

யூ.எஸ்.பி.-யில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் 0, 1, 0, 1 என்று மாறி மாறி ஓர் அடையாளம் இருக்கும். எதுவும் தொலைந்துபோகவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை என்று உறுதி செய்ய இந்த ஏற்பாடு. பள்ளியில் அணிவகுப்பு நடக்கும்போது லெஃப்ட், ரைட் போடுவோமே, அதுமாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்கேன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, ஒரு பக்கம் கணக்கை 0-விலிருந்து மறுபடி தொடங்கிவிடுகிறது. மறுபக்கம் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் லெஃப்ட் வைக்க, இன்னொருவர் ரைட் வைக்கிறார். வரும் பொட்டலத்தை மற்றவர் ஏற்பதில்லை. ஸ்கேனர் நின்றுவிடுகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் இருவரும் புதிதாகத் தொடங்குவதால் ஒரு பக்கம் வந்துவிடுகிறது.

பழைய யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டுகளை இயக்கும் சில்லு ஒரு வகை. யூ.எஸ்.பி. 3.0-க்கு வந்த சில்லு வேறு வகை. இந்தக் கணக்கைக் கையாளும் விதம் இரண்டிலும் வேறுபடுவதால், பழைய சில்லில் ஒழுங்காக ஓடிய ஸ்கேனர் புதிய சில்லில் தடுமாறுகிறது. லினக்ஸ் இதில் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம். யூ.எஸ்.பி. 3.0-க்கான ஆதரவு 2009-லேயே லினக்ஸில் வந்துவிட்டது. பழைய ஸ்கேனர்களுக்குத்தான் இந்தப் புது வீட்டில் பழக்கம் போதவில்லை.

படிப்படியாக என்ன செய்வது

நான் செய்த தவறு, எந்த இடத்தில் பேச்சு அறுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கலைத்தது. நீங்கள் வரிசையாகப் போங்கள்.

முதல் படி, கணினிக்கு ஸ்கேனர் தெரிகிறதா? டெர்மினலைத் திறந்து, எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் புள்ளி, இடைவெளி இல்லாமல் சிறிய எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். மாட்டியிருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஸ்கேனர் இல்லை என்றால் பிரச்சினை மென்பொருளில் இல்லை. கேபிள், போர்ட் அல்லது மின்சாரம். தனி அடாப்டர் இல்லாமல் யூ.எஸ்.பி.-யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனர்கள் நிறைய உண்டு. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும். நடுவில் ஒரு ஹப் வைத்து, அதிலேயே மௌஸ், பென்டிரைவ் எல்லாம் மாட்டியிருந்தால் ஸ்கேனருக்குப் பற்றாது. நேராகக் கணினியில் மாட்டுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் மாட்டுங்கள். கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இரண்டாம் படி, என்ன வேகத்தில் பேசுகிறது? அதே சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் சிறிய "டி" எழுத்தும் சேருங்கள். கிளை கிளையாக ஒரு படம் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 12, 480, 5000 என்று வேகம் போட்டிருக்கும். யூ.எஸ்.பி. 2.0 ஸ்கேனருக்கு 480 வர வேண்டும். 480 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால், பழைய ஹப்பையும் மலிவான கேபிளையும் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி, ஸ்கேன் மென்பொருளுக்குத் தெரிகிறதா? லினக்ஸில் ஸ்கேனர்களைக் கையாளுவது "சேன்" என்ற பொது மென்பொருள். "ஸ்கேனர் ஆக்சஸ் நௌ ஈஸி" என்பதன் சுருக்கம். 1990-களிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவருவது. நீங்கள் திறக்கும் "டாக்குமென்ட் ஸ்கேனர்" போன்ற செயலிகள் எல்லாம் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்கேன்இமேஜ் என்று ஒரே சொல்லாக ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி, சிறு கோடு, பெரிய "எல்". உங்கள் ஸ்கேனர் பெயர் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

முதல் கட்டளையில் தெரிகிறது, இதில் தெரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அனுமதி. இதே கட்டளைக்கு முன்னால் சுடோ சேர்த்தால் வருகிறது, சாதாரணமாக வரவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினைதான். பாஸ், உபுண்டு போன்ற டெபியன் வகை லினக்ஸில் "ஸ்கேனர்" என்ற பெயரில் ஒரு பயனர் குழு இருக்கும். உங்கள் பயனர் பெயரை அதில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். எப்போதும் சுடோ போட்டே ஸ்கேன் செய்யும் பழக்கம் வேண்டாம்.

இன்னொரு காரணம், அந்த மாடலுக்கு ஆதரவே இல்லாமல் இருப்பது. சேன் திட்டத்தின் இணையதளத்தில் மாடல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. முழுமையாக வேலை செய்யும், நன்றாக வேலை செய்யும், ஓரளவு வேலை செய்யும், ஆதரவில்லை என்று வகை பிரித்துப் போட்டிருப்பார்கள். இதைப் பார்க்க செல்போன் போதும். பல்லாவரம் சந்தையில் பழைய ஸ்கேனர் ஒன்றைப் பார்த்தால் விலை பேசுவதற்கு முன் அதைத் திருப்புங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் இருக்கும். அதைப் பட்டியலில் தேடிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்க.

நான்காம் படி, ஒரு பக்கம் வந்து நிற்கிறதா? போர்ட்டை மாற்றுங்கள். நீலத்திலிருந்து கறுப்புக்கு. இரண்டு வகைச் சில்லும் இருக்கும் கணினிகளில் இதுவே போதும். எனக்கு அன்றிரவு கை கொடுத்தது இதுதான்.

ஐந்தாம் படி, புதிய லேப்டாப்பாக இருந்தால்? இப்போது வரும் கணினிகளில் பெரும்பாலும் எல்லா போர்ட்டையும் புதுச் சில்லே கவனித்துக்கொள்கிறது. கறுப்பு, நீலம் எதில் மாட்டினாலும் ஒன்றுதான். இதற்கு சேன் மென்பொருளிலேயே ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். எஸ்.ஏ.என்.இ., அடிக்கோடு, யூ.எஸ்.பி., அடிக்கோடு, வொர்க்அரவுண்ட். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, நடுவில் புள்ளியோ இடைவெளியோ கிடையாது. அதன் பிறகு சமக்குறி, 1. இதைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அதே வரியில் ஸ்கேன் செயலியின் கட்டளைப் பெயரைத் தட்டித் திறங்கள். உதாரணமாக டாக்குமென்ட் ஸ்கேனரின் கட்டளைப் பெயர் சிம்பிள்-ஸ்கேன், நடுவில் ஒரு சிறு கோடு. அந்த 1, லெஃப்ட் ரைட் கணக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போகச் செய்யச் சொல்லும் குறிப்பு. வேலை செய்தால், உங்கள் முகப்பு அடைவில் இருக்கும் ப்ரொஃபைல் கோப்பில் இந்த வரியை, முன்னால் எக்ஸ்போர்ட் என்ற சொல்லோடு, ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை தானாக வந்துவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால், ஒரு யூ.எஸ்.பி. 2.0 ஹப்பை நடுவில் வைத்துப் பாருங்கள். சில ஸ்கேனர்கள் அதில் சமாதானம் ஆகிவிடுகின்றன. மின்சாரம் போதாது என்று சொன்னேனே, அதனால் அந்த ஹப்பில் ஸ்கேனர் மட்டும் இருக்கட்டும்.

வைஃபையில் ஸ்கேன் செய்பவர்களுக்கு

"எங்க வீட்டுல ஃபைபர் நெட், ஆனாலும் வைஃபை ஸ்கேனர் மெதுவாத்தான் வருது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஸ்கேனரிலிருந்து கணினிக்கு வரும் படம் வெளி இணையத்துக்குப் போவதே இல்லை. வீட்டு ரவுட்டர் வழியாக அங்கிருந்து இங்கே வருகிறது. இணைய நிறுவனத்துக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டினாலும் ஸ்கேனர் வேகம் மாறாது. ஸ்கேனரும் கணினியும் ரவுட்டருக்கு அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அச்சு, ஸ்கேன் இரண்டும் உள்ள வைஃபை கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் அவை கண்ணில் படாது. விருந்தினர் வைஃபையில் கணினியைச் சேர்த்திருந்தாலும் ஸ்கேனர் தெரியாது. விருந்தினர் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாமல் ரவுட்டரே தடுத்துவிடும்.

லினக்ஸில் இப்போது ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. செல்போனிலிருந்து டிரைவர் இல்லாமல் நேரடியாக ஸ்கேன் செய்ய முடிகிற கருவிகள் இருக்கின்றன அல்லவா? அதே முறையை லினக்ஸும் பேசும். அதற்கான மென்பொருளின் பெயர் சேன்-ஏர்ஸ்கேன். 2021-இல் வந்த டெபியன் 11-இலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. கம்பெனி டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதே முறையை யூ.எஸ்.பி. கேபிள் வழியாகப் பேச ஐ.பி.பி.-யூ.எஸ்.பி. என்ற மென்பொருளும் இருக்கிறது. புதிதாகக் கருவி வாங்குகிறீர்கள் என்றால், "செல்போனிலிருந்து டிரைவர் இல்லாமல் ஸ்கேன் ஆகுமா?" என்று கடையில் கேளுங்கள். ஆகும் என்றால் லினக்ஸிலும் ஆக வாய்ப்பு அதிகம்.

இரண்டு எம்.ஐ.டி.கள்

நடுவில் ஊர்க்கதை ஒன்று. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்றால் 1949-இல் தொடங்கிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்தான். அப்துல் கலாம் படித்த இடம். அமெரிக்காவிலும் ஓர் எம்.ஐ.டி. உண்டு. அங்கே 1980 வாக்கில் ஆய்வகத்துக்கு ஒரு புது லேசர் பிரின்டர் வந்தது. பழைய பிரின்டரில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்ற நிரலாளர் மென்பொருளை மாற்றி வைத்திருந்தார். புது பிரின்டருக்கு மூல நிரல் தரவில்லை. கண்ணெதிரே கருவி இருக்கிறது, சரிசெய்யத் தெரிந்த ஆளும் இருக்கிறார், ஆனால் கை வைக்க முடியாது. அந்தக் கோபமும் ஒரு காரணமாகி, 1983-இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்தார். பிற்பாடு 1991-இல் வந்த லினக்ஸ் அதோடு சேர்ந்தது.

நம்ம எம்.ஐ.டி.க்கும் இதில் பங்கு உண்டு. அந்த வளாகத்தில் இருக்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் விளைந்ததுதான் 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ். அக்கா வீட்டு அலமாரி மேல் இருந்த லேப்டாப்பில் ஓடியது அதுதான். நம்ம தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வளாகத்துக்கும் அந்த இரவுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விற்ற கம்பெனி கைவிட்ட ஸ்கேனரைக்கூட முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எழுதிய நிரல் ஓட வைக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் ஏறாத லேப்டாப்கள் பல வீடுகளில் இருக்கும். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் போட்டு, வீட்டு ஸ்கேனருக்குத் துணையாக வைக்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஸ்கேன் செய்தாச்சு, அப்புறம்?

ஸ்கேனர் ஓடத் தொடங்கியதும் நிறையப் பேர் செய்யும் தவறு, 600 டி.பி.ஐ.-இல் ஸ்கேன் செய்வது. 300-ஐ 600 ஆக்கினால் தகவல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 26 மெகாபைட் நூற்றுக்கு மேல் போய்விடும். நேரமும் கூடும். எழுத்துள்ள காகிதத்துக்கு 200 முதல் 300 போதும். விண்ணப்பப் பக்கத்தில் கோப்பின் அளவு எவ்வளவு இருக்கலாம், ஜேபெக்கா பி.டி.எஃப்.-ஆ என்று போட்டிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள், பிறகு ஸ்கேன் செய்யுங்கள். அளவு மீறினால் டி.பி.ஐ.-யைக் குறையுங்கள், வண்ணம் தேவைப்படாத காகிதம் என்றால் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள். முத்திரையும் கையெழுத்தும் படிக்கும்படி இருக்கின்றனவா என்று ஏற்றுவதற்கு முன் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. டிஜிட்டல் கையொப்பத்தோடு ஏற்கெனவே கோப்பாக வந்த சான்றிதழை அச்சடித்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். அந்தக் கோப்பையே ஏற்றுங்கள். டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணங்கள் இருந்தால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனர், காகிதமாக மட்டுமே இருக்கும் பழைய ஆவணங்களுக்கு.

வெளியே கடையில் ஸ்கேன் செய்தால் இன்னொன்றும் கவனியுங்கள். வேலை முடிந்ததும், "அண்ணே, அந்தக் கோப்பை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிடுங்க" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே கணினியில் கிடப்பது நல்லதில்லை. வீட்டு ஸ்கேனரை ஓட வைப்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருக்க இதுவும் ஒரு காரணம். நம் காகிதம் நம் வீட்டைத் தாண்டாமல் கோப்பாகிறது.

நினைவில் வைக்க

கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள். கணினிக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். வேகம் 480 வருகிறதா என்று பாருங்கள். சேனுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் நின்றால் போர்ட்டை மாற்றுங்கள். மாற்றியும் நின்றால் அந்த ஒரு வரியைச் சேருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால்தான் ஸ்கேனரைக் குறை சொல்லலாம். இந்தப் பக்கத்தை செல்போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யுங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு எட்டுப் பக்கங்களையும் ஏற்றி முடித்தோம். ஒப்புகை எண்ணை அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள், செல்போனில் படமும் எடுத்துக்கொண்டாள். சில நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. அக்கா அந்த லேப்டாப்பை மறுபடி அலமாரி மேல் வைக்கவில்லை. டி.வி. பக்கத்தில் ஒரு மேசையில் வைத்திருக்கிறார். என் ஸ்கேனரும் இப்போது பாதி நாள் அங்கேதான் இருக்கிறது. தெருவில் யாருக்காவது காகிதம் ஏற்ற வேண்டுமென்றால் அந்தப் பெண்ணே ஸ்கேன் செய்து கொடுக்கிறாள், முடிந்ததும் கோப்பை அழித்தும் விடுகிறாள். கறுப்பு போர்ட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் "ஸ்கேனர்" என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கேனர் தூசி படிந்து கிடந்தால், இன்றைக்கு எடுத்துத் துடைத்து மாட்டிப் பாருங்கள்.